மனை மதிப்புக்கு விலைபோகும் வீடுகள்

புதுச்சேரியில் பழைய வீடொன்று விலைக்கு வந்தால், அது எத்தனை குழி என்பதைத்தான் தரகர் முதலில் சொல்வார். இங்கே ஒரு குழி 576 சதுர அடி. அடுத்து, முகப்பு எத்தனை அடி, தெருவில் லாரி நுழையுமா, மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா, எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு நகரும். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு குறையை ஒப்புக்கொள்வதுபோல, உள்ளே பழைய வீடு ஒன்று நிற்கிறது என்பார். முற்றத்துக்கும் தேக்குத் தூணுக்கும் அந்தப் பேரத்தில் விலை கிடையாது. கிடையாது என்பதோடு நிற்பதும் இல்லை. இடிக்கும் கூலியையும் இடிபாடு அள்ளும் செலவையும் மனை விலையிலிருந்து கழித்துக்கொள்வார்கள். பிறகு இடிப்பவர் கதவு, நிலை, உத்தரம், தூண் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய மரச்சாமான் கடைக்கு அனுப்புவார். அங்கே அவற்றுக்கு நல்ல விலை உண்டு. நின்றபோது ஒரு காசும் பெறாத வீடு, பிரித்துப் போட்ட பிறகு பணமாகிறது.

பாரம்பரியத்தின் அருமையைப் பற்றி நம் ஊரில் நடக்கும் கூட்டங்களுக்குக் குறைவில்லை. வீட்டை விற்பவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று வைவதும் அந்தக் கூட்டங்களில் வழக்கம். என் பார்வையில் குற்றவாளி அவர்கள் அல்ல. சட்டமும் வங்கியும் பதிவுத் துறையும் சேர்ந்து வீட்டுக்கு மதிப்பே இல்லை என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கின்படி நடந்துகொள்பவர்தான் வீட்டுக்காரர்.

புதுச்சேரியின் பழமை பலரும் நினைப்பதுபோல ஒரே காலத்தது அல்ல. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்தது; கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே நாட்களில்தான். பெரிய கடைக்கு அருகிலுள்ள அவருடைய வீடு, அந்த அழிவுக்கு முந்தைய அரிய கட்டடங்களில் ஒன்று. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுப் பாணி. இன்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் மற்ற வீடுகளில் பெரும்பாலானவை 1765க்குப் பிறகு நகரம் மறுபடி எழுந்தபோதும், அதற்கும் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கட்டப்பட்டவை. ஒருமுறை முழுதாக இடிபட்டு எழுந்த ஊர் இது. இரண்டாவது இடிப்பு படையெடுப்பு இல்லாமல், பத்திரப்பதிவு வழியாக, வீடுவீடாக நடக்கிறது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி. உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்த தூண் வரிசை. வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. இங்கே வீடு தெருவோடு பேசும். மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம், அதன் கீழே வழிப்போக்கரும் உட்காரலாம் என்ற திண்ணை, பிறகு ரேழி, முற்றம், கூடம், கொல்லை வரை ஒரே நேர்கோடு. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். கிறித்தவர் தெருக்களில் இதே அமைப்பு வளைவுகளோடும் அரைத்தூண்களோடும் மாறும். காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் இன்னொரு மாற்றம். பிரெஞ்சுக்காரர்களின் நகரம் என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், கட்டடக் கலையில் புதுச்சேரிக்கே உரியது எதுவென்று என்னைக் கேட்டால், இந்த மேற்குப் பக்கக் கலப்பைத்தான் காட்டுவேன்.

அந்த மேற்குப் பக்கம்தான் அதிகம் இடிபடுகிறது. காரணம் ரசனைக் குறைவு அல்ல, உடைமை. கிழக்கே உள்ள பெரிய கட்டடங்கள் பலவும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன: அரசு அலுவலகங்கள், அரவிந்தர் ஆசிரமம், பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். நிறுவனத்துக்குப் பிள்ளைகள் பிறப்பதில்லை, பாகப்பிரிவினை வருவதில்லை. மேற்கே உள்ளவை குடும்ப வீடுகள். தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன் பேத்திகள் எத்தனை பேரோ அத்தனை பங்கு. முற்றத்தைப் பங்கு போட முடியாது. விற்றுப் பணமாக்கினால் சுலபமாகப் பங்கு போடலாம்.

புதுச்சேரியில் இந்தச் சிக்கலுக்குக் கடல் கடந்த ஒரு கிளையும் உண்டு. 1881இல் வந்த ஆணையின்படி, சொந்தச் சமூக வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரச் சம்மதித்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் எவரையும் சொத்திலிருந்து முழுதாக விலக்கிவிட முடியாது. 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவோடு சட்டப்படியான இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’க்களின் பேரப் பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். வீடு இங்கே, வாரிசுகள் அங்கே, மூலப் பத்திரம் நொத்தேர் (பத்திரம் எழுதும் பிரெஞ்சு அதிகாரி) எழுதிய பிரெஞ்சில். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் பூட்டு ஆண்டுக்கணக்கில் தொங்கும். பூட்டிய வீட்டில் முதலில் குடியேறுவது அரச மரம். கைப்பிடிச் சுவரில் காக்கை எச்சத்திலிருந்து முளைக்கும் அந்தக் கன்றை ஆரம்பத்தில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். பிடுங்க ஆளில்லை.

பழைய வீடு பழையதாக இருப்பதால் விழுவதில்லை. இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் தோய்த்துச் செங்குத்தாக, மூலைவாக்கில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேரும். இதில் இரும்புக் கம்பியே கிடையாது. கடற்கரை ஊரில் அதுதான் முக்கியம். உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, முப்பது நாற்பது ஆண்டுகளிலேயே காரையை உடைத்துக்கொண்டு வெளியே வருவதைக் கடலோர அடுக்ககங்கள் எதிலும் பார்க்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றிச் சுவரைத் தின்னும். சுவருக்குள் செருகிய உத்தர முனை உளுத்துப்போவது அப்படித்தான். பராமரிப்பு என்று நினைத்துச் செய்யும் சிமென்ட் பூச்சு, பல வீடுகளுக்குப் பராமரிப்பே இல்லாததைவிடக் கெடுதல் செய்திருக்கிறது. ஒழுகும் மழைநீர்க் குழாயை மாற்றினாலே பல வீடுகள் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

இதை அரசே கற்றுக்கொள்ளவில்லை. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி என்னும் நகரமன்றக் கட்டடம், நகராட்சியின் சொந்தச் சொத்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். சீரமைப்பு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு உலக வங்கி நிதியில், அதே தோற்றத்தில், புதிதாக ஒன்றை எழுப்பினார்கள். வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் வீட்டையே காப்பாற்றிக்கொள்ளாத நிர்வாகம், ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டியிடம் ‘உங்கள் வீடு ஊரின் பெருமை, இடிக்காதீர்கள்’ என்று எந்த முகத்தோடு சொல்லும்?

இனி, வீட்டின் விலை எப்படிப் பூஜ்யமாகிறது என்று பார்ப்போம். பதிவு அலுவலகத்தில் சொத்தின் மதிப்பு இரண்டு பகுதி. மனைக்கு வழிகாட்டி மதிப்பு. கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை விகிதப்படி ஒரு தொகை; அதிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழியும். நூறாண்டு கடந்த கட்டடத்தில் கழிக்க எதுவும் மிச்சமில்லை. வங்கியின் மதிப்பீட்டாளரும் இதே வாய்ப்பாட்டைத்தான் பிடிக்கிறார். எஞ்சிய ஆயுள் இல்லை என்று அவர் எழுதிவிட்டால் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்கக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதே மனையில் நான்கு அடுக்கு கட்ட வரைபடம் கொண்டுபோனால் மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். மூன்றாவது, கட்டட விதி. ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டின் தலைக்கு மேல், சட்டம் கட்ட அனுமதிக்கும் ஆனால் கட்டப்படாத இன்னும் இரண்டு மூன்று தளங்கள் காற்றில் இருக்கின்றன. விற்பனையில் கைமாறுவது உண்மையில் அந்தக் காற்றுதான்.

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இங்கே எதிர்பாராத காவலாளியாக இருந்தது. 1991இல் அது வந்தபோது, ஏற்கெனவே வளர்ந்த கடலோர நகரப் பகுதிகளில் கட்டடப் பரப்பின் அளவை அன்றைய விதியோடு உறையவைத்தது. கடலையும் மீனவரையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம், கடலோரப் பழைய வீடுகளின் மேலுள்ள காற்றையும் கொஞ்சம் மலிவாக்கியது. 2019இல் வந்த புதிய அறிவிக்கை அந்த உறைவை நீக்கிவிட்டது. பழைய வீடுகளை நினைத்து அதை யாரும் எழுதவில்லை, நீக்கியபோதும் யாரும் நினைக்கவில்லை.

சட்டத்தின் பாதுகாப்பு வேறெங்கே இருக்கிறது? 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கு. வைசியாள் வீதியில் ஒரு செட்டியார் வீடு அதற்குள் வராது. பெயர்பெற்றவர் வாழ்ந்த வீடு பிழைக்கும். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீடும், பாரதிதாசன் வீடும் அரசின் கையில் நினைவு இல்லங்களாக நிற்கின்றன. எந்தக் கவிஞரும் குடியிருக்காத வீட்டுக்கு என்ன வழி? பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு 1980களிலிருந்தே புதுச்சேரியில் வேலை செய்கிறது, வீடுகளைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் இன்று இல்லை. பின்னர் அரசும் பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்து அறிவிக்கும் ஏற்பாட்டுக்கு வந்தது. நல்லது. ஆனால் இடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு வீட்டைக் காப்பாற்றாது. இடிக்க அனுமதி கிடைக்காதவர் மழைக்காலத்துக்காகக் காத்திருப்பார். இரண்டு ஓட்டை எடுத்துவிட்டால் மூன்று மழையில் வீடு தானே ‘அபாயகரமான கட்டடம்’ ஆகிவிடும். அப்போது இடிக்கச் சொல்லி நகராட்சியே நோட்டீஸ் ஒட்டும்.

வீட்டுக்காரரின் கேள்வி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். எதிர் வீட்டுக்காரன் இடித்து நான்கு மாடி கட்டினான். ஊருக்கு அழகு வேண்டும் என்பதற்காக என் பிள்ளைகள் மட்டும் ஏன் ஏழையாக வேண்டும்? இதற்கு மும்பை 1995இலேயே ஒரு பதில் வைத்திருந்தது. அங்கே கொண்டுவந்த பாரம்பரியக் கட்டட விதிகள், கட்ட முடியாமல் போன பரப்பை உரிமைச் சான்றாக வாங்கி வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்க வழி செய்தன. வீடு நிற்கும், தலைக்கு மேலுள்ள காற்றை விற்றுக் காசாக்கலாம். இந்த முறையில் கோளாறுகளும் உண்டு. இத்தகைய உரிமைகள் குவிந்த மும்பைப் புறநகர்களில் குழாயும் சாலையும் திணறின. புதுச்சேரிப் பகுதி மொத்தமே சுமார் 293 சதுர கிலோமீட்டர்தான். எந்த இடத்தில் அந்தக் கூடுதல் தளங்கள் இறங்கலாம் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்காமல் இதைத் தொடங்கினால் பழைய நகரத்தின் சுமையை வில்லியனூர்ச் சாலையில் இறக்கிவைத்ததாகத்தான் முடியும்.

சின்னப் பணமும் வேலை செய்யும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று இருக்கிறது. கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்று பலகையில் எழுதியிருக்கும் வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2002 முதல் 2004 வரை நடந்த திட்டத்தில் வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீர்செய்தார்கள். வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டார், திட்டம் ஒரு பங்கு போட்டது. தாழ்வாரமும் திண்ணையும் திரும்பி வந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அதன் குறை பெயரிலேயே இருக்கிறது: முகப்பு. தெருவிலிருந்து தெரியாத முற்றத்தை அந்தப் பணம் தொடவில்லை. முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, பின்னால் முழுக்கக் கான்கிரீட் எழுப்புவதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம், நேற்று கட்டிய விடுதிக்கு மஞ்சள் வண்ணமடித்து, பிளாஸ்டர் தூண் ஒட்டி, பிரெஞ்சுப் பெயர் சூட்டுவதும் நடக்கிறது. உண்மையான வீட்டைவிட அதன் முன்னால்தான் அதிகம் பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பழைய வீட்டை வீடாகவே வாங்குபவர்களும் வருகிறார்கள். உணவகம் நடத்த, சிறு விடுதி நடத்த. இவர்களைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முற்றத்தில் மேசை போட்டிருந்தாலும் முற்றம் இருக்கிறது. ஆனால் தெருவில் எல்லா வீடும் விடுதியானால் அந்தத் திண்ணையில் உட்கார யார் மிஞ்சுவார்? பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் நீங்கியது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் ஏறியது. கடைவீடுகள் பிழைத்தன, விலை ஏறியது. தலைமுறைகளாக வாடகைக்கு இருந்த சீனரும் தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரரும் வெளியேறினார்கள்.

வாங்க ஆளே இல்லாத ஊருக்கு என்ன ஆகும் என்பதைத் தெற்கே தரங்கம்பாடியில் காணலாம். அங்கே ஊரே விலைபோயிருக்கிறது: 1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே போனது. இடித்துக் கட்டும் ஆசை யாருக்கும் இல்லாததால் ராஜ வீதியில் வீடுகள் அப்படியே நின்றன. பழுதுபார்க்கும் ஆசையும் யாருக்கும் இல்லாததால் நின்றபடியே சரிந்தன. இன்று மிஞ்சியிருப்பவற்றில் பலவும் வெளியிலிருந்து வந்த பணத்தாலும் இன்டாக் மேற்பார்வையாலும் மீண்டவை. ஆக, சந்தையை மட்டும் நம்பினாலும் வீடு போகிறது, சந்தை இல்லாவிட்டாலும் போகிறது.

இடையில் ஒரு வாங்குபவர் வேண்டும். அமெரிக்காவின் சார்ல்ஸ்டனும் ஒரு பழைய கடற்கரை ஊர்தான். அங்குள்ள பாரம்பரிய அறக்கட்டளை 1950களின் பிற்பகுதியில் ஒரு சுழல் நிதியைத் தொடங்கியது. விலைக்கு வரும் பழைய வீட்டை வாங்குவது, கூரையையும் சுவரையும் உறுதிப்படுத்துவது, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி மறுபடி விற்பது, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்குவது. வீடுகள் தப்பின; அங்கே குடியிருந்த ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், இடம்பெயர நேர்ந்தது. அந்தப் பாதியை நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை. மறுவிற்பனையில் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் வாடகைதாரருக்கும் முன்னுரிமை என்று விதி எழுத முடியும். நம் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் இப்படியொரு நிபந்தனையை அடுத்தடுத்த உரிமையாளர்மீது நிலைநிறுத்துவது எளிதல்ல என்பதால், புதுச்சேரி சட்டமன்றம் தனியே ஒரு சிறு சட்டம் இயற்ற வேண்டியிருக்கும். பட்டியலிட்ட வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு, சுண்ணாம்பு வேலைக்குக் குறைந்த வட்டிக் கடன், பதிவு மதிப்பீட்டில் தேய்மான வாய்ப்பாட்டுக்குப் பதிலாக மறுகட்டுமானச் செலவுக் கணக்கு ஆகியவற்றையும் அதே சட்டத்தில் சேர்க்கலாம்.

இங்கே அப்படியொரு சுழல் நிதி அமைந்தால், விலைக்கு வரும் வீட்டைப் பற்றிய தகவல் அதற்கு நேரத்தோடு கிடைக்க வேண்டும். இப்போது ஊருக்குச் செய்தி தெரிவது, பச்சைத் துணி கட்டி இடிக்கத் தொடங்கிய பிறகு. பிரான்சில் நகராட்சிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அந்த உரிமை நடைமுறையில் உள்ள பகுதியில் ஒருவர் தன் வீட்டை விற்க முடிவு செய்தால் நொத்தேர் வழியாக நகராட்சிக்கு விலையோடு அறிவிப்பு போகும். இரண்டு மாதத்துக்குள் நகராட்சி வாங்கிக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பாரிஸ் புறநகரில் சொந்த வீடு வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நடைமுறை புதிதாக இருக்காது. பட்டியலிட்ட வீட்டின் விற்பனைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்வதற்கு முன்பு, இதே போன்ற இரண்டு மாத அறிவிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். விற்பவருக்குச் சந்தை விலையில் ஒரு ரூபாயும் குறையாது.